ஹில்டெஸ்ஹைம்: நான்கு தேவாலயங்களை நடந்தே பார்க்க ஒரு வழிகாட்டி

ஜெர்மனியில் பழைய தேவாலயம் பார்க்க வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் கொலோனுக்குப் போகச் சொல்வார்கள். போங்கள், தப்பில்லை. ஆனால் ஹானோவர் பக்கம் படிக்கவோ வேலைக்கோ வந்திருந்தால், ரயிலில் ஏறி அரை மணி நேரத்தில் இறங்கக்கூடிய ஹில்டெஸ்ஹைமை முதலில் பாருங்கள். லட்சம் பேர் வசிக்கும் சாதாரண ஊர்தான். ஆனாலும் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தேவாலயக் கலையை இவ்வளவு குறைந்த நடையில், இவ்வளவு குறைந்த கூட்டத்தோடு பார்க்க ஜெர்மனியில் வேறு ஊர் அதிகம் இல்லை. இங்குள்ள பேராலயமும் புனித மிக்கேல் ஆலயமும் 1985லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

போகும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1945 மார்ச் 22 அன்று, போர் முடிய ஏழு வாரம்கூட இல்லாத நேரத்தில், நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு இந்த ஊரின் நடுப்பகுதியை எரித்துவிட்டன. நீங்கள் பார்க்கப் போகும் சுவர்களில் பாதி அதற்குப் பிறகு எழுப்பியவை. எது பழசு, எது திரும்பக் கட்டியது என்று கேட்டுக்கொண்டே நடந்தால் இந்த ஊர் நன்றாகப் புரியும்.

எப்போது, எப்படிப் போவது

ஹானோவர் மத்திய நிலையத்திலிருந்து எஸ்-பான் என்ற புறநகர் ரயில், மற்ற உள்ளூர் ரயில்கள் எல்லாம் உண்டு. பெர்லினுக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் இடையே ஓடும் ஐசிஇ அதிவேக ரயில்களில் சிலவும் இங்கே நிற்கும். நாடு முழுக்கச் செல்லும் மாதப் பயணச்சீட்டான டாய்ச்லான்ட்-டிக்கெட் கையில் இருந்தால் உள்ளூர் ரயிலில் தாராளமாகப் போகலாம். ஐசிஇயில் அது செல்லாது. அது இல்லாத நண்பர்கள் சேர்ந்து போகிறீர்கள் என்றால் இந்த மாநிலத்துக்கான ஒருநாள் சீட்டு, நீடர்ஸாக்ஸன்-டிக்கெட், எடுங்கள். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்கச் சுற்றலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும் என்பதை மறக்க வேண்டாம். டிக்கெட்டில் பெயர் எழுத வேண்டும், அதையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நாள் என்று கேட்டால் செவ்வாய் முதல் வெள்ளி வரை நல்லது. திங்களன்று அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். சனிக்கிழமை கல்யாணம் நடக்கலாம். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம். கும்பிட வந்தால் வரவேற்பார்கள், கேமராவோடு வந்தால் முறைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் முடியும் என்றால் மதியத்துக்கு மேல் போங்கள். கடைகள் அன்று மூடியிருக்கும் என்பதால் தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும்.

மாதம் உங்கள் கையில் இருந்தால் மே கடைசி, ஜூன் தொடக்கம். காரணம் பேராலயத்துக்குப் பின்னால் இருக்கும் ரோஜாச் செடி; வருடத்தில் இரண்டு வாரம் போலத்தான் அது பூக்கும். குளிர்காலத்தில் போனால் நாலரை மணிக்கே இருட்டிவிடும், ஆலயங்களும் சீக்கிரம் மூடுவார்கள், கோபுரத்திலும் ஏற முடியாது.

சில்லறைக் காசு எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை, மெழுகுவர்த்தி, கோபுரம், காணிக்கைப் பெட்டி எல்லாவற்றுக்கும் தேவைப்படும். செருப்பை வாசலில் கழற்றத் தேவையில்லை. அப்படியே உள்ளே போகலாம். ஆண்கள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். பிளாஷ் போட வேண்டாம். தெருக்கள் கருங்கல் பாவியவை என்பதால் தட்டையான ஷூ போடுங்கள், குதிகால் செருப்போடு வந்தால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.

நிலையத்திலிருந்து சந்தைத் திடல் வரை

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நேராகத் தெற்கே நடங்கள். பெர்ன்வார்ட்ஷ்ட்ராஸ, அப்புறம் ஆல்ம்ஸ்ஷ்ட்ராஸ என்று பெயர் மாறிக்கொண்டே போகும் ஒரே கடைவீதி இது. எந்த ஊரிலும் இருக்கும் அதே துணிக்கடைகள், அதே மருந்துக் கடைகள். வழியில் ஒரு பக்கத்தில் புனித யாக்கோபு ஆலயம் வரும். இப்போது அங்கே இலக்கியக் கூட்டங்கள் நடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இடது பக்கம் திரும்பினால் சந்தைத் திடல். மரச்சட்டமும் சாய்வுக் கூரையுமாக எட்டு மாடி போல உயர்ந்து நிற்பது இறைச்சிக் கடைக்காரர் சங்கத்தின் வீடு. 1529ல் கட்டியது, 1945ல் எரிந்தது. போருக்குப் பின் அந்த இடத்தில் நவீனமாக ஒரு ஓட்டல் கட்டினார்கள். ஊர்க்காரர்களுக்கு மனசு ஆறவில்லை. கடைசியில் அந்த ஓட்டலை இடித்துவிட்டு, 1987 முதல் 1989 வரை பழைய வீட்டைப் பழைய தச்சு முறையிலேயே மறுபடி எழுப்பினார்கள். திடலின் ஓரத்தில் இருக்கும் டெம்பல்ஹவுஸ் என்ற கல் கட்டடத்தில் சுற்றுலா அலுவலகம் இருக்கிறது. உள்ளே போய் ஒரு வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். நடைபாதையில் அங்கங்கே வெள்ளை ரோஜா வரைந்திருப்பதும் ஊர் சுற்றும் வழியைக் காட்டத்தான். அதைப் பின்தொடர்ந்தாலே முக்கியமான இடங்களுக்குப் போய்விடலாம். ஆனால் அந்தப் பாதை கொஞ்சம் சுற்றும். தேவாலயம் மட்டும் போதும் என்பவர்கள் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

முதல் நிறுத்தம்: புனித அந்திரேயா ஆலயம்

திடலிலிருந்து ஐந்து நிமிட நடை. கோபுரம் எங்கிருந்தும் தெரியும் என்பதால் வழி கேட்கவே வேண்டாம். 114.5 மீட்டர் உயரம். நீடர்ஸாக்ஸன் மாநிலத்திலேயே உயரமான தேவாலயக் கோபுரம் இதுதான். மேலே 75 மீட்டரில் ஒரு பார்வை மாடம், அதற்கு 364 படிகள். லிப்ட் கிடையாது. முழங்கால் வலி இருப்பவர்கள் கீழேயே இருந்துவிடுங்கள், மூச்சு தாங்கும் என்பவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். நாள் முழுக்க நடந்துவிட்டு மாலையில் ஏறலாம் என்று தள்ளிப்போட்டால் ஏறவே மாட்டீர்கள். மேலே போனால் இன்னொரு லாபம்: அடுத்து போக வேண்டிய மூன்று ஆலயங்களும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும்.

உள்ளே பெரிதாக அலங்காரம் இல்லை. 1389ல் தொடங்கிய கோதிக் ஆலயம் 1945ல் எரிந்து வெறும் சுவராக நின்றது. 1965 வரை வேலை செய்து எழுப்பினார்கள். 1542ல் இந்த ஊர் கத்தோலிக்கத்தை விட்டு மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தத்துக்கு மாறியபோது, லூத்தரின் தோழர் யோஹானஸ் புகென்ஹாகன் வந்து பிரசங்கம் செய்தது இங்கேதான். அந்த மாற்றம் இந்த நடை முழுக்க உங்களுக்கு எதிர்ப்படும். இன்றைக்கும் அந்திரேயாவும் மிக்கேலும் லூத்தரன் ஆலயங்கள், பேராலயமும் கோடெஹார்டும் கத்தோலிக்க ஆலயங்கள்.

வெளியே வந்ததும் எதிரில் ஒரு சிறிய மரவீட்டைப் பாருங்கள். கீழே ஒடுக்கம், மேலே போகப் போக அகலம். "கவிழ்த்துவைத்த சர்க்கரைக் கூம்பு" என்று அதற்குப் பெயர். அதுவும் 1945ல் எரிந்து, 2010 வாக்கில் திரும்பக் கட்டியதுதான்.

இரண்டாவது: புனித மிக்கேல் ஆலயம்

பலர் இங்கிருந்து நேரே பேராலயத்துக்குப் போய்விடுகிறார்கள், அது பக்கத்தில் என்பதால். நான் சொல்வது, முதலில் மேற்கே பத்து நிமிடம் நடந்து மிக்கேல் ஆலயத்துக்குப் போங்கள். பேராலயத்தில் இருக்கும் மிகச் சிறந்த பொருட்களைச் செய்வித்த மனிதரை இங்கே சந்தித்துவிட்டுப் போவதுதான் முறை.

அவர் பெயர் பெர்ன்வார்ட். 993 முதல் 1022 வரை இந்த ஊரின் ஆயர். அதற்கு முன், சிறுவனாக இருந்த பேரரசன் மூன்றாம் ஓட்டோவுக்கு ஆசிரியர். அரசவை, ரோம் என்று சுற்றிப் பார்த்த மனிதர். 1010ல் இந்த ஆலயத்துக்கு அடிக்கல் வைத்தார். கட்டி முடியும் முன்பே, 1022 நவம்பரில் இறந்துபோனார். அடுத்து வந்த ஆயர் கோடெஹார்ட் 1033ல் வேலையை முடித்தார்.

கொஞ்சம் தள்ளி நின்று வெளியிலிருந்து பாருங்கள். ஆறு கோபுரங்கள்: கிழக்கே மூன்று, மேற்கே மூன்று. எது முன்புறம், எது பின்புறம் என்று சொல்ல முடியாது. வாசலோ பக்கவாட்டில். உள்ளே நுழைந்தால் இரண்டு முனைகளிலும் பீடம் இருக்கிறது. கையில் இரண்டு யூரோ நாணயம் இருந்தால் புரட்டிப் பாருங்கள்; 2014ஆம் ஆண்டு ஜெர்மன் நினைவு நாணயமாக இருந்தால் இதே ஆலயம் அதில் இருக்கும்.

நடுமண்டபத்தில் நின்று தூண்களை எண்ணுங்கள். ஒரு சதுரத் தூண், இரண்டு வட்டத் தூண். மறுபடி ஒரு சதுரம், இரண்டு வட்டம். சதுரத் தூண்களுக்கு நடுவே உள்ள இடம் ஒரு சதுரம், அப்படி மூன்று சதுரம் சேர்ந்ததுதான் மண்டபம். வளைவுகளில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கற்கள். கணக்கு தெரிந்தவர் போட்ட திட்டம் என்று பார்த்ததுமே தெரியும்.

அப்புறம் தலையைத் தூக்குங்கள். 27 மீட்டருக்கு மேல் நீளமான மரக்கூரை, சுமார் 1300 ஓக் மரத் துண்டுகளைச் சேர்த்துச் செய்தது, முழுக்க ஓவியம். 13ஆம் நூற்றாண்டு வேலை. ஒரு முனையில் ஆதாமும் ஏவாளும்; அடுத்து தாவீதின் தகப்பன் ஈசாய் படுத்திருக்கிறார்; அவரிடமிருந்து மரம் முளைத்து, தாவீது, சாலொமோன் என்று ராஜாக்கள் வழியாக மரியாளிடமும் கிறிஸ்துவிடமும் போய்ச் சேருகிறது. இது எப்படித் தப்பியது? போர் நடக்கும்போதே பலகை பலகையாகக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட்டார்கள். ஆலயம் எரிந்தது, கூரை ஓவியம் பிழைத்தது. கழுத்து வலிக்காமல் பார்க்க ஒரு வழி: போனில் செல்பி கேமராவைத் திறந்து, திரை மேலே பார்க்கும்படி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். வரிசையாக ராஜாக்கள் உங்கள் கைக்குள் வந்து போவார்கள். எதிரே வருபவரையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கு முனையில் நிலவறை இருக்கிறது. திறந்திருந்தால் கட்டாயம் பாருங்கள், பெர்ன்வார்டின் கல்லறை அங்கேதான். மேலே உள்ள ஆலயம் லூத்தரன் கைக்கு வந்தும் நிலவறை கத்தோலிக்கர் வசமே இருந்துவிட்டது, இன்றைக்கும் அப்படித்தான்.

மூன்றாவது: பேராலயம், இங்கே அவசரப்படாதீர்கள்

மிக்கேல் ஆலயத்திலிருந்து புர்க்ஷ்ட்ராஸ வழியாகத் தெற்கே இறங்கினால் பத்து நிமிடத்துக்குள் பேராலய வளாகம். வழியில் ரோமர்-பெலிசேயஸ் அருங்காட்சியகம் வரும். எகிப்தியப் பொருட்களுக்கு உலக அளவில் பேர் பெற்றது. நுழைந்தால் மூன்று மணி நேரம் போய்விடும் என்பதால் அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மறைமாவட்டம் 815ல் தொடங்கியது. பேராலயம் 1945ல் ஏறக்குறைய முழுதாக அழிந்து, 1960ல் திரும்பவும் திறந்தது. பிறகு 2010 முதல் 2014 வரை மூடிவைத்து இன்னொரு முறை சீர்செய்தார்கள். அதனால் உள்ளே வெள்ளைச் சுவர், நிறைய வெளிச்சம், கொஞ்சம் வெறுமை. முதல் பார்வையில் "இவ்வளவுதானா" என்று தோன்றலாம். பொறுங்கள்.

முதலில் மேற்கு முனைக்குப் போய் வெண்கலக் கதவுகளைத் தேடுங்கள். 1015ஆம் ஆண்டு என்று கதவிலேயே பொறித்திருக்கிறது. செய்வித்தவர் பெர்ன்வார்ட். ஒவ்வொரு கதவும் 4.7 மீட்டர் உயரம், ஏறக்குறைய 2 டன் எடை, அதுவும் ஒரே வார்ப்பு. தனித்தனித் தகடாகச் செய்து மரத்தில் அறையும் பழக்கம் இருந்த காலத்தில் இதை ஒரே அச்சில் ஊற்றியிருக்கிறார்கள்.

இடது கதவில் எட்டுக் காட்சிகள், மேலிருந்து கீழே வாசிக்க வேண்டும். படைப்பில் தொடங்கி, காயீன் ஆபேலைக் கொல்வதில் முடிகிறது. வலது கதவில் எட்டு, கீழிருந்து மேலே. தேவதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்வதில் தொடங்கி, உயிர்த்தெழுந்த கிறிஸ்துவை மகதலா மரியாள் சந்திப்பதில் முடிகிறது. ஒரு பக்கம் வீழ்ச்சி, மறுபக்கம் எழுச்சி. இத்தோடு நிறுத்தாமல், குறுக்காகவும் வாசியுங்கள். மேலிருந்து மூன்றாவது வரிசையில் இடது பக்கம் கனி பறித்த மரம், வலது பக்கம் சிலுவை மரம். நான்காவது வரிசையில் இடது பக்கம் ஆதாம் ஏவாளைக் கடவுள் விசாரிக்கிறார், வலது பக்கம் ரோம ஆளுநன் பிலாத்து கிறிஸ்துவை விசாரிக்கிறான். ஆறாவதில் இடது பக்கம் ஏவாள் குழந்தையோடு, வலது பக்கம் மூன்று ராஜாக்கள் வணங்கும் மரியாள் குழந்தையோடு. ஆயிரம் வருடத்துக்கு முன் இதை யோசித்து அமைத்தவர் சாமானியர் இல்லை.

அந்த நான்காவது இடது பலகையில் மட்டும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கடவுள் குனிந்து ஆதாமை நோக்கி விரலை நீட்டுகிறார். ஆதாம் உடம்பைக் கூனிக்கொண்டு, ஒரு கையால் மறைத்தபடி, மறுகையால் ஏவாளைக் காட்டுகிறான். ஏவாள் அதே மாதிரி குறுகிப்போய், கீழே கிடக்கும் நாகத்தைக் காட்டுகிறாள். "நான் இல்லை, அவள்தான்", "நான் இல்லை, அதுதான்" என்று விரல் விரலாகப் பழி இறங்கிக்கொண்டே போகிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் உருவங்களின் கால்கள் தகட்டோடு ஒட்டியும், தலைகள் தகட்டை விட்டு முழுசாக வெளியே நீட்டியும் இருப்பது தெரியும். மேலிருந்து நம்மை எட்டிப் பார்ப்பது போல இருக்கும். கதவைத் தொட வேண்டாம்.

அடுத்தது கிறிஸ்து தூண். இதுவும் பெர்ன்வார்ட் காலத்து வெண்கலம், 3.8 மீட்டர் உயரம். முதலில் மிக்கேல் ஆலயத்தில் நின்றது, 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்துசேர்ந்தது. ரோமில் டிராஜன் பேரரசனின் வெற்றித் தூண் இருக்கிறதே, போர்க்காட்சிகள் சுருள் சுருளாக மேலே ஏறும், அதே அமைப்பு. பெர்ன்வார்ட் 1001ல் ரோமுக்குப் போனவர். பேரரசனின் போர்கள் இருந்த இடத்தில் இவர் கிறிஸ்துவின் வாழ்க்கையை ஏற்றிவிட்டார். கீழே யோர்தானில் ஞானஸ்நானம், உச்சியில் எருசலேமுக்குள் நுழைவு. தூணைச் சுற்றிச் சுற்றி வந்தால்தான் கதை தொடரும்.

தலைக்கு மேலே தொங்கும் பெரிய வளையம் ஹெசிலோ ஆயரின் விளக்கு, 11ஆம் நூற்றாண்டு, ஆறு மீட்டர் அகலம். பன்னிரண்டு வாசல் கொண்ட பரலோக எருசலேமின் மதில்தான் அந்த வளையம். ஞானஸ்நானத் தொட்டியையும் விடாதீர்கள். நான்கு ஆட்கள் முழங்காலிட்டு ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றியபடி தொட்டியைச் சுமக்கிறார்கள். ஏதேன் தோட்டத்து ஆறுகளாம்: பைசோன், கீகோன், இதெக்கேல், ஐபிராத்து. தமிழ் வேதாகமத்தை ஒரு தடவை புரட்டியவர்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

வெளியே கிழக்குப் பக்கம், இரண்டடுக்குத் தாழ்வாரம் சூழ்ந்த முற்றத்தில், ஆலயத்தின் அரைவட்டச் சுவரைப் பற்றிக்கொண்டு பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறி நிற்கிறது அந்த ரோஜாச் செடி. ஆயிரம் வருடச் செடி என்பார்கள். பேரரசன் லூயி வேட்டைக்கு வந்தபோது, அவருடைய புனிதப் பண்டப் பேழை ஒரு காட்டு ரோஜாச் செடியில் சிக்கி எடுக்க வரவில்லை, அதனால் அங்கேயே ஆலயம் கட்டினார் என்பது கதை. கதையை நம்புவது உங்கள் விருப்பம். நடந்தது என்னவென்றால், 1945 மார்ச்சில் சுவரும் செடியும் சேர்ந்து எரிந்தன. இடிபாட்டுக்கு அடியில் வேர் மட்டும் பிழைத்து, அதே வசந்தத்தில் துளிர் விட்டது. இதழ்கள் ஐந்தே ஐந்து, வெளிர் இளஞ்சிவப்பு. பூக்கடை ரோஜாவை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். பூக்காத மாதத்தில் வெறும் பச்சைக் கொடிதான்.

பொன் தகடு போர்த்திய மாதா சிலை, பெர்ன்வார்டின் சிலுவை எல்லாம் பக்கத்திலேயே பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதற்குக் கட்டணம் உண்டு. நேரமிருந்தால் போங்கள்.

நான்காவது: புனித கோடெஹார்ட் ஆலயம்

சாப்பாட்டை இதற்கு முன் முடித்துவிடுங்கள். சைவம் என்றால் பேக்கரியில் பிரெட்ஸல், சீஸ் வைத்த ரொட்டி. சூடாக வேண்டும் என்றால் கடைவீதிப் பக்கம் ஃபலாஃபெல் கிடைக்கும்.

வளாகத்தை விட்டுக் கிழக்கே க்ராய்ட்ஸ்ஷ்ட்ராஸவில் நடந்தால் திருச்சிலுவை ஆலயத்தின் பரோக் முகப்பு வரும். அதைத் தாண்டித் தெற்கே ப்ரூல் தெருவில் திரும்புங்கள். குண்டுவீச்சில் தப்பிய மரவீடுகள் இந்தப் பக்கம்தான் வரிசையாக இருக்கின்றன. பின் ப்ரூல் தெருவின் கோடியில் இருக்கும் வெர்னர் வீடு 1606ல் கட்டியது. சந்தைத் திடலில் பார்த்தது புதிதாகச் செய்த பழசு, இது உண்மையான பழசு. உத்தரம் வளைந்திருக்கும், வர்ணம் மங்கியிருக்கும்.

தெரு முடிவில் மூன்று கோபுரத்தோடு கோடெஹார்ட் ஆலயம். மிக்கேல் ஆலயத்தைக் கட்டி முடித்தாரே, அதே ஆயரின் பெயர். 1131ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது, 1133ல் வேலை தொடங்கி 1172ல் முடிந்தது. சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் கணவாய்க்கும் இவர் பெயர்தான். போரில் பெரிய சேதம் இல்லாமல் தப்பியதால் 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. நான்கில் அழகானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், ஆனால் சொல்ல வேண்டிய கதைகள் இதில் குறைவு. தூண்களின் தலைப்பகுதிச் சிற்பங்களைப் பார்த்தபடி பீடத்துக்குப் பின்னால் வளைந்து செல்லும் நடையில் ஒரு சுற்று வாருங்கள். பெரும்பாலும் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

திரும்பும் வழி

நேரமிருந்தால் கிழக்கே கேர்வீடர் கோபுரம் வரை போங்கள். ஊர் மதிலில் மிஞ்சிய ஒரே கோபுரம். பக்கத்தில் லாப்பன்பெர்க் என்ற இடத்தில் 1938 நவம்பரில் எரித்த யூத ஜெபாலயத்தின் நினைவுச்சின்னம் இருக்கிறது. அப்படியே நின்று பார்த்துவிட்டு வடக்கே திரும்புங்கள்.

கடைவீதி தொடங்கும் இடத்தில் ஹூக்கப் சிலை. ஆப்பிள் திருடும் ஒருவனின் முதுகில் குட்டிச்சாத்தான் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது, விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் போல. கீழே வட்டார மொழியில், "பையா, ஆப்பிளைத் தொடாதே" என்று எச்சரிக்கை. குழந்தைகளோடு வந்தவர்களுக்கு ஆலயங்களை விட இதுதான் நினைவில் நிற்கும்.

நிலையம் வரைக்கும் சேர்த்து மொத்த நடை நான்கைந்து கிலோமீட்டர். கோபுரம் ஏறி, கதவுகளை ஒழுங்காகப் பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டால் ஆறு மணி நேரம் பிடிக்கும். ரயில் மாறும் இடைவெளியில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அந்திரேயாவையும் கோடெஹார்டையும் விட்டுவிடுங்கள். நிலையத்திலிருந்து நேரே மிக்கேல் ஆலயம், அங்கிருந்து பேராலயக் கதவுகள், அப்புறம் கடைவீதி வழியாகத் திரும்ப நிலையம். மூட்டை முடிச்சு இருந்தால் நிலையத்திலேயே பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள்.